கவுன்சிலரே சிபாரிசு செய்த மனு

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவிலிருந்து கார்ப்பரேஷனுக்குப் போன மனுக்களில் பாதிக்கு மேல் நான் டைப் அடித்தவை. பெங்களூர் மர்பி டவுனில் அப்போது டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த பெண்கள் அதிகம் இல்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். தெரு விளக்கு எரியவில்லை, நாய்த் தொல்லை, ரேஷன் கார்டில் பெயர் தப்பு என்று யார் வந்தாலும், மத்தியானம் வக்கீல் சாப்பிடப் போகும் நேரத்தில் அடித்துக் கொடுத்துவிடுவேன். அவற்றில் ஒரே ஒரு மனுவைப் பற்றி மட்டும் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சாமியார் மறைப்புக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் இருமினார். அது சிரிப்பை அடக்கிய இருமல் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

விஷயம் மோரியில் ஆரம்பித்தது. பெங்களூரில் சாக்கடைக்கு அதுதான் பெயர். எங்கள் தெரு முனையில் மோரி ரோட்டைக் குறுக்கே கடந்து போகும். அதன் மேல் பலகை போலப் போட்டிருந்த சப்படிக் கல்லில் மூன்று உடைந்து உள்ளே விழுந்துவிட்டன. பஸ்ஸுக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், குடத்தோடு போகிறவர்கள் எல்லாரும் அந்த இடைவெளியைத் தாண்டித்தான் போக வேண்டும். புடவை கட்டியவர்கள் எப்படித் தாண்டுவது என்று தனியாக ஒரு வித்தையே இருந்தது.

தேர்தலுக்கு முன்னால் எங்கள் வார்டில் நின்றவர் விறகு டிப்போ முதலாளி. நல்ல ஆகிருதி, காதோரம் நரை, வெள்ளைச் சட்டைக்கு மேல் எப்போதும் ஒரு பழுப்புக் கோட்டு. ஓட்டுக் கேட்டு வந்தபோது அந்த இடைவெளிக்குப் பக்கத்திலேயே நின்று, ஜெயித்த மறு மாதம் இங்கே கல் இருக்கும் என்று சொன்னார். ஜெயித்தார். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போயிற்று. அம்மாவின் இடது கால் செருப்பு ஒன்றை மோரி கொண்டுபோயிற்று. மாதா திருவிழா சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் பேண்டு செட்டின் பெரிய டிரம்காரர் பின்னால் பார்த்துக்கொண்டே நடந்து உள்ளே போனார். டிரம் அகலமாக இருந்ததால் அது இடைவெளியின் விளிம்பில் மாட்டிக்கொண்டு, அவரை இடுப்போடு நிறுத்திவிட்டது. முன்னால் போன கிளாரினெட்காரர்களுக்கு விஷயம் தெரியவில்லை. தாளம் இல்லாமலேயே அடுத்த தெருவரைக்கும் வாசித்துக்கொண்டு போனார்கள்.

கவுன்சிலரிடம் போய்க் கேட்டால் கோபிக்க மாட்டார். "ஆச்சும்மா, ஃபைல் நகர்ந்துக்கினு இருக்குது" என்பார். கோட்டுப் பையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, நாம் வேறு ஏதாவது காகிதம் கொண்டுபோயிருக்கிறோமா என்று ஆசையோடு பார்ப்பார். கையெழுத்துப் போடுவது அவருக்கு அவ்வளவு பிடிக்கும். தராசுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்துகொண்டு, கொண்டுவந்த காகிதம் எதுவானாலும் கீழே ஒரு நீளமான கையெழுத்து, அதற்கு அடியில் இரண்டு கோடு, பக்கத்தில் ஸ்டாம்பு. ஐந்தே நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் எதிர் வீட்டில் பட்டாளத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். ஸ்டோர் அங்கிள் என்று கூப்பிடுவோம். இங்கிலீஷ் பேப்பரை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிப்பவர். டிரம்காரர் விழுந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எங்களையெல்லாம் தன் வீட்டு முன்னால் கூட்டி, பேப்பரில் ஒரு மூலையை விரலால் தட்டிக் காட்டினார். அமெரிக்காவில் சில ஊர்களில் ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். ஜெயித்துப் போனவர் சொன்னபடி செய்யாவிட்டால், ஓட்டுப் போட்டவர்களே கையெழுத்துச் சேர்த்து அவரைத் திருப்பி அழைத்துவிடலாமாம். நாமும் அதைச் செய்ய வேண்டும் என்றார்.

பூ கட்டி விற்கும் பக்கத்து வீட்டக்கா கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"கூப்பிட்டாலே வர்றதில்ல அந்தாளு. திருப்பிக் கூப்பிட்டா மட்டும் வந்துருவாரா?"

அங்கிளுக்கு இதை விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. அழைப்பது என்றால் வீட்டுக்கு அழைப்பது இல்லை, பதவியிலிருந்து இறக்குவது என்று பல தரம் சொன்னார். அப்படியென்றால் இறக்குவது என்றே எழுதுங்கள் என்றாள் அக்கா. அது மரியாதையாக இருக்காது என்றார் அங்கிள். கடைசியில் மனு இங்கிலீஷில் இருக்கும், அதனால் தமிழ் வார்த்தையைப் பற்றிச் சண்டை வேண்டாம் என்று முடிவாயிற்று.

அங்கிள் எழுதிக் கொடுத்ததை நான் ஆபீஸில் அடித்துக்கொண்டிருந்தபோது வக்கீல் சாப்பாட்டிலிருந்து சீக்கிரம் திரும்பி வந்துவிட்டார். பின்னால் நின்று முழுவதும் படித்தார். நம் நாட்டுச் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவே கிடையாது என்றார். பிறகு, மனுக் கொடுக்கக் கூடாது என்றும் எந்தப் பிரிவும் இல்லை என்று சொல்லி, தன் பேனாவை எடுத்து ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு உள்ளே போனார்.

கையெழுத்து வாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. மோரியில் கால் வைக்காதவர்கள் தெருவில் யாரும் இல்லை. ஆனால் முதல் கையெழுத்தைப் போட ஒருவரும் தயாராக இல்லை. நாளைக்குப் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, ரேஷன் கார்டு மாற்ற, அதே கவுன்சிலரிடம்தான் போய் நிற்க வேண்டும். யாரிடம் நீட்டினாலும், முதலில் யார் போட்டிருக்கிறார்கள் என்று கேட்பார்கள். யாரும் இல்லை என்றால், அப்புறம் வாருங்கள் என்பார்கள். அங்கிள் இரண்டு நாள் யோசித்தார். பிறகு சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் காகிதத்தில் கவிழ்த்து, பென்சிலால் சுற்றி வரைந்து, அந்த வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்துப் போடச் சொன்னார். வட்டத்தில் முதலாவது ஏது, கடைசி ஏது. எல்லாரும் சந்தோஷமாகப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். பூக்கார அக்கா தன் கைநாட்டை மட்டும் மூன்று இடத்தில் வைத்துவிட்டாள், கோபம் அவ்வளவு இருக்கிறது என்று. பட்டாளத்துப் பழக்கத்தில் அங்கிள் இன்னொரு பிரதியிலும் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். அது ஆபீஸ் காப்பியாம். எந்த ஆபீஸ் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து நானும் அங்கிளும் கார்ப்பரேஷனுக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் மனுவின் தலையைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். வார்டு விஷயமாக எந்த மனு வந்தாலும் கவுன்சிலர் சிபாரிசு வேண்டும், கையெழுத்தும் ஸ்டாம்பும் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். அங்கிள் இங்கிலீஷில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கவுண்டர்காரர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அங்கிள் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அல்சூர் ஏரி தாண்டும்போது நான்தான் சொன்னேன், கையெழுத்துத்தானே, வாங்கிவிடலாம் என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு அவர் அப்படிச் சொன்னதாகச் சாதித்தார்.

மறுநாள் டிப்போவுக்குப் போனபோது கையில் மூன்று காகிதம் வைத்திருந்தேன். ஒன்று ரேஷன் கார்டு விண்ணப்பம், ஒன்று பக்கத்துத் தெருப் பையனுக்குப் பள்ளிக்கூடச் சலுகை. மூன்றாவதுதான் எங்கள் மனு. முதல் இரண்டும் வழக்கம் போல முடிந்தன. மூன்றாவதை எடுத்ததும் அவர் கை நின்றது. வட்டத்தைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா இது, தாமரப்பூ கணக்கா கீது?"

பொய் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போயிருந்தேன். அதனால் பொய் சொல்லவில்லை.

"ஜனங்க எல்லாம் சேர்ந்து போட்ட கையெழுத்துங்கய்யா. உங்களப் பத்தித்தான் கமிஷனருக்கு எழுதியிருக்கோம்."

அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை. விறகு எடைபோட நின்றவர்களைப் பார்த்து, தன்னைப் பற்றிக் கமிஷனருக்கு எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னார். காகிதத்தைத் தொடையில் வைத்து நீவினார். 'சிபாரிசு செய்து அனுப்பப்படுகிறது' என்று பொருள்படும் இங்கிலீஷ் ஸ்டாம்பை நிதானமாகப் பதித்தார். கையெழுத்துக்கு அடியில் அன்றைக்கு இரண்டு கோடு இல்லை, மூன்று கோடு. நான் காகிதத்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, தனக்கு ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டார். ஆபீஸ் காப்பி என் கைப்பையில் இருந்தது. அந்த நேரத்தில் எந்தச் சைத்தான் என் கையைப் பிடித்து இழுத்ததோ தெரியாது. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மனு கார்ப்பரேஷனுக்குப் போயிற்று. கவுண்டர்காரர் ஸ்டாம்பைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். காப்பியோ, அதற்கடுத்த வாரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய் டிப்போவில் தராசுக்கு மேலே மாட்டப்பட்டது.

அந்த நாட்களில் சிரித்தது போல நான் அதற்குப் பிறகு சிரித்ததில்லை. இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று விறகு தேவைப்பட்டது. கான்வென்ட் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'மேற்படி உறுப்பினர் கூட்டங்களில் உறங்குவதன்றி வேறு சேவை செய்ததாகத் தெரியவில்லை' என்ற வரிவரைக்கும் படித்துவிட்டு, வாய்க்குள் கைக்குட்டையை வைத்துக்கொண்டு போனாராம். யாரும் கவுன்சிலரிடம் சொல்லவில்லை. எங்கள் தெருவில் சொல்லலாமா வேண்டாமா என்று பேச்சு நடந்தது. ஸ்டோர் அங்கிள் ஆபீஸ் காப்பி போன கோபத்தில் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அவரே மூன்று தடவை விறகு வாங்கப் போனார். ஆயுத பூஜைக்கு டிப்போவில் தராசு, கோடாரி, கணக்குப் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தபோது அந்தச் சட்டத்துக்கும் ஒரு பொட்டு வைத்துப் பூச்சரம் போட்டார்கள். பூ, எங்கள் பக்கத்து வீட்டக்கா கட்டிக் கொடுத்தது. அவள் அதை என்னிடம் சொன்னபோது சிரிப்பை அடக்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கார்ப்பரேஷனிலிருந்து பதில் வந்தது. சிபாரிசு செய்தவருக்கு அசல், ஸ்டோர் அங்கிளுக்கு நகல். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரைத் திருப்பி அழைக்கச் சட்டத்தில் வழியில்லை என்றும், ஆனால் கௌரவ உறுப்பினர் தாமே சிபாரிசு செய்திருப்பதால், அவர் விரும்பினால் ராஜினாமா செய்யத் தடையேதும் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். கார்ப்பரேஷனிலும் ஒரு குறும்புக்காரர் இருந்திருக்கிறார்.

இது வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னால் ஒரு ஜட்கா வந்து நின்றது. கவுன்சிலர் இறங்கினார். அக்குளில் பேப்பர் சுற்றிய பெரிய சதுரப் பொட்டலம். அப்பா ஃபேக்டரியிலிருந்து இன்னும் வரவில்லை. அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். எனக்கு ஓடிவிடலாமா என்றுதான் தோன்றியது. பின்பக்கம் சுவர் உயரம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே அந்தக் கண்ணாடிச் சட்டம், சந்தனப் பொட்டு இன்னும் இருந்தது.

"இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சு சொல்லும்மா. தமிழ்ல."

நான் படித்தேன். இரண்டு தடவை மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மோரியைப் பற்றி வந்தபோது, அது நிஜம் என்றார். டிரம்காரர் விழுந்ததைத் தான் கேள்விப்படவே இல்லை என்றார். கூட்டத்தில் உறங்குகிறார் என்ற இடத்தில் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"ஒரே ஒரு தபா தூங்குனேன். அன்னிக்கு ஜொரம்."

படித்து முடித்தேன். பிறகு நடந்ததை அவரே சொன்னார். பதில் கடிதம் வந்ததும் தன்னைப் பாராட்டித்தான் வந்திருக்கிறது என்று நினைத்து, கோட்டுப் பையில் வைத்துக் கார்ப்பரேஷன் கூட்டத்துக்குக் கொண்டு போயிருக்கிறார். பக்கத்து நாற்காலி உறுப்பினரிடம் கொடுத்து, எல்லாரும் கேட்கிற மாதிரி உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் படித்தும்விட்டார். மேயர்கூட மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாராம்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது பாப்பா," என்றார். "கன்னடம் பேசுவேன், எழுத்து தெரியாது. தமிழ் மட்டும்தான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அங்க கட்டுக் கட்டா காயிதம் குடுக்கறாங்க. பக்கத்துல இருக்கறவன் கை தூக்குனா நானும் தூக்குவேன்."

அப்படி ஒரு தடவை கை தூக்கியதில்தான், எங்கள் வார்டுக்கு என்று ஒதுக்கியிருந்த சப்படிக் கல்லை வேறு வார்டுக்குக் கொடுக்கும் தீர்மானம் பாஸாகியிருக்கிறது. எங்கள் மோரிக்கு எதிராக அவரே ஓட்டுப் போட்டிருக்கிறார். அது அவருக்கு அன்றைக்குத்தான், சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு, யாரோ சொல்லித் தெரிந்ததாம்.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் கேட்கவில்லை. அம்மா கொண்டுவந்த காபியை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"உங்க பொண்ணு சனிக்கிழம மத்தியானம் வந்து அந்தக் காயிதத்தெல்லாம் எனக்குப் படிச்சு சொல்லட்டும். அது போதும்."

அம்மா சரி என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு மனு விஷயம் முழுவதும் தெரியும், அவள் கையெழுத்தும் அந்த வட்டத்தில் இருந்தது. அவர் போன பிறகு அவள் என்னைத் திட்டவும் இல்லை. காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே, அந்த மனுஷர் கடைசிவரைக்கும் யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்கவே இல்லை பார்த்தாயா என்றாள்.

சனிக்கிழமைகள் அப்படி ஆரம்பித்தன. டிப்போவில் விறகுக் கட்டைகளுக்கு நடுவே எனக்கு ஒரு ஸ்டூல். கூட்டத்துக்கு வரும் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முதல் வாரம் நிஜமாகவே தூங்குகிறார் என்று நினைத்தேன். தூங்கவில்லை. ஐந்தாவது தீர்மானத்துக்கு வந்ததும், இரண்டாவதில் சொன்ன தெருவும் இதுவும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு தடவை ரிப்பேர் என்று கேட்டார். அது எனக்குத் தோன்றவில்லை. இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த எனக்கு.

இதில் வார்டு ஜனங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தது. கவுன்சிலர் இப்போது படிக்காமல், அதாவது நான் படித்துச் சொல்லாமல், எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிந்த வேலைக்குச் சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை வந்தவர்கள் என்னைத்தான் திட்டினார்கள். ஸ்டோர் அங்கிள், நான் எதிரி முகாமுக்குப் போய்விட்டதாகத் தெரு முழுவதும் சொன்னார். நல்லா இருந்த மனுஷனைக் கெடுத்துட்டியே என்றாள் பூக்கார அக்கா.

கல் வந்தது. அவர் அதை வாங்கிய விதத்தை அவரே எங்களுக்கு நடித்துக் காட்டினார். கூட்டத்தில் எழுந்து, பாதி கன்னடம் பாதி தமிழில் பேசினாராம். என் ஜனங்கள் என்னைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள், நானும் சிபாரிசு செய்துவிட்டேன், போவதற்கு முன்னால் அந்த மூன்று கல்லையாவது கொடுத்துவிடுங்கள் என்று. மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் இந்தத் தடவை சிரிக்க வைத்தது அவர். ஒரு மாட்டு வண்டி நிறைய கல் வந்து, மூன்று போட்டது போக மிச்சம் இரண்டு மீந்தது. அதில் ஒன்றை அம்மா துணி துவைக்க எடுத்துக்கொண்டாள்.

அடுத்த தேர்தலில் ஸ்டோர் அங்கிளே அவரை எதிர்த்து நின்றார். இருவரும் ஓட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கு ஒரே நேரத்தில் வந்து, ஒருவருக்கொருவர் வழிவிட்டு வாசலிலேயே நின்றது எனக்கு நினைவிருக்கிறது. நான் யாருக்குப் போட்டேன் என்பதை அன்றைக்கும் சொல்லவில்லை. இருவருமே தோற்றார்கள். மூன்றாவதாக நின்ற ஒரு பட்டதாரி ஜெயித்தார். பிரமாதமான இங்கிலீஷ். கொண்டுபோகும் காகிதத்தை நம் கண் முன்னாலேயே வரிக்கு வரி படிப்பார், இலக்கணப் பிழை இருந்தால் சுட்டிக் காட்டுவார், பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருடைய கையெழுத்து எப்படி இருக்கும் என்று வார்டில் யாருக்கும் தெரியாது.

முடிவு வந்த அன்று டிப்போவுக்கு ஆறுதல் சொல்லப் போனேன். விறகு எடைபோட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்துக் காகிதம் இனிமேல் வராது, ஆனால் சனிக்கிழமை வருவதை நிறுத்த வேண்டாம் என்றார். பேப்பரில் கோர்ட்டு வழக்குச் செய்திகள் வருகிறதாமே, அதைப் படித்துச் சொன்னால் போதுமாம். கல்யாணமாகி நான் காக்ஸ் டவுனுக்குப் போகும்வரை போய்க்கொண்டிருந்தேன். பாதி வழக்கு படித்ததுமே அவர் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நீதிபதி வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தால், அன்றைக்கு முழுவதும் நீதிபதியின் மேல்தான் கோபம்.